சொட்டு விழும் இடம்

செயின் அண்ணன் அந்தப் பெட்டியோடு வீட்டுக்குள் நுழைந்த சாயங்காலம், அவர் மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெட்டிக்குள் வெடிகுண்டு ஒன்றும் இல்லை. மோட்டார் சைக்கிள் செயினுக்குத் தானாக எண்ணெய் விடுகிற கருவி. உள்ளங்கை அளவுக்கு ஒரு குப்பி, கொஞ்சம் ரப்பர் குழாய், குழாயின் நுனியில் ஒரு சின்ன மூக்கு, அவ்வளவுதான். யார் வேண்டுமானாலும் கடைக்குப் போய் வாங்கலாம். ஆனால் வாங்கியிருப்பது இவர். ஆயுசெல்லாம் சிகரெட்டைத் திட்டிய மனுஷன் தெருமுனையில் நெருப்புக் கேட்டு நின்றதைப் பார்த்த மாதிரி இருந்தது அவளுக்கு.

அவருக்கென்று ஒரு பெயர் இருக்கத்தான் செய்கிறது. அதை யாரும் கூப்பிடுவதில்லை. மோட்டார் சைக்கிள் உதிரிபாகங்கள் விற்கிற மொத்தக்கடையில் டெலிவரி வேலை. தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து அதே கடை, அதே வேலை. கிளட்ச் பிளேட்டு, பிரேக் ஷூ, பல்பு என்று பைகளில் அடைத்துக்கொண்டு ஒர்க் ஷாப் ஒர்க் ஷாப்பாகப் போய்க் கொடுப்பார். வாராந்தர லீவு நாளில் மாடிப்படிக்கு அடியில் சாக்கை விரித்து உட்கார்ந்தால், மண்ணெண்ணெயும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷுமாக வண்டிச் செயினைக் குளிப்பாட்டிவிட்டு, ஒவ்வொரு கண்ணிக்கும் நடுவில் ஒரு சொட்டு எண்ணெய் வைப்பார். குழந்தைக்குக் காதில் மருந்து விடுகிற பதம். அப்புறம் சட்டைப்பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துச் செயின் மேல் ஒரு இழுப்பு. கைக்குட்டை வெள்ளையாகவே வரும். அவர் போகிற ஒர்க் ஷாப்பில் எல்லாம், "அண்ணே, அந்தக் கைக்குட்டையைக் கொஞ்சம் எடுங்க" என்று மெக்கானிக்குகள் வாடிக்கையாளரைக் கூப்பிட்டு நிறுத்தி அதைக் காட்டுவார்கள். இவரும் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே எடுப்பார். செயின் அண்ணன் என்ற பட்டம் அப்படி வந்தது.

தானாக எண்ணெய் விடுகிற கருவி கடைக்கு முதன்முதலில் வந்தபோது, கேட்டு வந்தவர்களிடம், "உங்க பல்லையும் மெஷின்தான் வெளக்குதா?" என்று இவர் விசாரித்த விசாரிப்பில் இரண்டு பேர் வாங்காமல் திரும்பிப் போனார்கள். அதற்குப் பிறகு யாராவது அதைக் கேட்டு வந்தால், முதலாளியே எழுந்து வந்து, "அண்ணே, நீங்க கொஞ்சம் குடோன் பக்கம் போய் நில்லுங்களேன்" என்று கெஞ்சுவார். அப்பேர்ப்பட்ட ஆள்தான் இப்போது பெட்டியை மேஜை மேல் வைத்துவிட்டு, "காலம் மாறுது இல்லையா" என்றார். அதையும் மனைவியின் காதைப் பார்த்துச் சொன்னார்.

இந்தக் காது விவகாரம் சில மாதங்களாகவே நடக்கிறது. முன்பெல்லாம் கண்ணுக்குக் கண் பார்த்துப் பேசுகிறவர். சண்டை என்றால் இன்னும் நன்றாகப் பார்ப்பார். இப்போது எது பேசினாலும் அவளுடைய காதோடுதான் பேச்சு. முதலில் சோப்பு நுரை ஏதாவது ஒட்டியிருக்கிறதோ என்று துடைத்துப் பார்த்தாள். பிறகு தோட்டை மாற்றிப் பார்த்தாள். அதற்கும் ஒரு வார்த்தை வரவில்லை. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளை முகத்துக்கு நேரே பார்க்க முடியவில்லை என்றால் இந்த மனுஷன் எதையோ மறைக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. கேட்டுவிட ரோஷம் இடம் கொடுக்கவில்லை. அவர் காதைப் பார்த்தால் அவளும் வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். உனக்கு மட்டும்தான் திருப்பத் தெரியுமா என்பது அதற்கு அர்த்தம்.

அவள் சும்மா ஆள் இல்லை. துணி ஃபேக்டரியில் செக்கர். தைத்து முடித்த சட்டைகள் ஏற்றுமதிக்குப் போகும் முன் அவள் மேஜையைத் தாண்டியாக வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற வேலை. ஒரு தையல் விட்டுப்போயிருந்தால், காலர் ஒரு நூல் அளவு சாய்ந்திருந்தால், சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை அந்தக் குறையைப் பார்த்த மாதிரி ஒட்டுவாள். அம்பு ஒட்டிய சட்டை வாசலைத் தாண்டாது. மேனேஜரே வந்தாலும் அம்பை உரிக்க முடியாது. குறையைச் சரி செய்து கொண்டுவந்து காட்டினால், ஒட்டியவள்தான் உரிக்க வேண்டும். ஒரே குறையை இரண்டு தடவை பார்க்காமல் அம்பு ஒட்டக் கூடாது என்பது இன்னொரு சட்டம்.

அந்த ஸ்டிக்கர் சுருளை இடுப்பில் சொருகிக்கொண்டு வீட்டுக்கும் வந்துவிடுவாள். ஒழுகுகிற குழாய்க்கு ஒரு அம்பு. கழன்ற அலமாரிக் கைப்பிடிக்கு ஒரு அம்பு. வாயைத் திறந்து நச்சரிக்க மாட்டாள், அம்பே நச்சரிக்கும். வீட்டில் மட்டும் சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தி, உரிக்கிற உரிமையைப் புருஷனுக்குக் கொடுத்திருந்தாள். அவர் ரிப்பேர் செய்துவிட்டு அம்பை உரித்துச் சமையலறைக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைப்பார். கதவின் உள்பக்கம் முழுக்கப் பழைய அம்புகள். ஆனால் இப்போது சில மாதங்களாகக் கதவுக்குப் புது அம்பு வரவில்லை. குழாயில் ஒட்டியது ஈரத்தில் சுருண்டு தொங்குகிறது. அயர்ன் பாக்ஸ் வயரில் ஒட்டியது அப்படியே இருக்கிறது. அதைத் தாண்டித்தான் தினமும் போகிறார், திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தும் பாராத மாதிரி போகிறாரே என்று அவளுக்கு நெஞ்சு எரியும்.

லீவு நாள் காலையில் மாடிப்படிக்கு அடியில் சாக்கு விரிந்தது. வண்டியைச் சென்டர் ஸ்டாண்ட் போட்டு நிறுத்தியிருந்தார். ஸ்பேனர், திருப்புளி, கட்டர் எல்லாம் வரிசையாக இருந்தன. ஒரு அதிசயம், அவளையும் கூப்பிட்டார். செயினில் கை வைக்கும்போது பக்கத்தில் ஈ பறந்தாலும் எரிந்து விழுகிறவர், "கொஞ்சம் வந்து உக்காரேன், ஒரு கை பிடிச்சா நல்லா இருக்கும்" என்றார். கோபமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போய் உட்கார்ந்தாள். உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை எதற்கு மறைக்க வேண்டும்.

பெட்டியில் இருந்த விளக்கத் தாளை நீட்டிப் படிக்கச் சொன்னார். உங்கள் கண்ணாடி எங்கே என்று கேட்டதற்கு, உள்ளே எங்கேயோ கிடக்கிறது என்றார். அவள் படித்தாள். குப்பியைச் சீட்டுக்குப் பக்கத்தில் நெட்டுக்குத்தாகக் கட்ட வேண்டும். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் எஞ்சினுக்குப் போகும். எஞ்சின் ஓடினால் அது காற்றை உறிஞ்சும், உறிஞ்சினால் குப்பியின் வாய் திறந்து எண்ணெய் இறங்கும். எஞ்சின் நின்றால் எண்ணெயும் நின்றுவிடும். இன்னொரு குழாய் பின் சக்கரத்துக்குப் போய், செயின் சுற்றுகிற பல்சக்கரத்தின் மேல் சொட்டுச் சொட்டாக விடும். கேட்டுக்கொண்டே குப்பியைக் கட்டினார். எஞ்சின் குழாயை மாட்டினார். தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பி, ரேடியோ கேட்கிறவர் மாதிரி வைத்துக்கொண்டு, விரல்களாலேயே தடவித் தடவி வேலையை முடித்தார். இந்த மனுஷன் கண்ணை மூடிக்கொண்டே வண்டியைப் பிரித்துப் பூட்டிவிடுவார் போலிருக்கிறதே என்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கடைசியாக மூக்கை வைக்கிற வேலை. அதற்கு மட்டும் கொஞ்சம் தயங்கினார்.

"இதுதான் முக்கியம். மூக்கு பல்சக்கரத்தைத் தொட்டுக்கிட்டே இருக்கணும். ஒரு விரக்கடை உள்ளே திரும்பினாலும் எண்ணெய் டயர் மேல விழும். டயர்ல எண்ணெய் பட்டா, திரும்பற இடத்துல வண்டி நம்ம பேச்சைக் கேக்காது."

"அப்ப இருங்க, நான் அம்பு ஒட்டறேன். அம்பைப் பாத்து வெச்சிடுங்க."

அவர் கையில் இருந்த ரப்பர் குழாயை விரலில் சுற்றி அவிழ்த்தார். பிறகு, ஒட்டு என்றார். அவள் குனிந்து, தாளில் இருந்த படத்தைப் பார்த்து, பல்சக்கரத்தின் கீழ்ப்பக்கம் சரியான இடத்தில் ஒரு அம்பை அழுத்திவிட்டுக் கையை வெளியே எடுத்தாள். அவர் சாக்கில் ஒருக்களித்துப் படுத்து, மூக்கை உள்ளே கொண்டுபோய், பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டி, மிச்ச வாலைக் கட்டரால் நறுக்கினார். முடிந்தது என்று எழுந்து உட்கார்ந்தார்.

"அம்பு தெரிஞ்சுதா?" ஃபேக்டரியில் ரிப்பேர் தையல்காரியிடம் கேட்கிற பழக்கத்தில் கேட்டாள், அவ்வளவுதான்.

"தெரியாம என்ன? செக்கச்செவேல்னு இருக்கு. அதுக்கு நேராத்தான் வெச்சேன்."

நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கக் கையைத் தூக்கினாள். கட்டைவிரலின் அடியில் சிவப்பாக என்னவோ ஒட்டியிருந்தது. அம்பு. பல்சக்கரத்தில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கில் பசை பிடிக்காமல் அவள் விரலோடே திரும்பி வந்துவிட்டிருக்கிறது.

அவளுக்குப் பகீர் என்றது. முதலில் வந்தது பைத்தியக்கார யோசனை. ஒருவேளை இரண்டு அம்பு ஒட்டினோமோ? சுருளைப் பார்த்தாள், ஒன்றுதான் உரிந்திருந்தது. குனிந்து சக்கரத்தைப் பார்த்தாள். அங்கே சிவப்பு என்று ஒரு பொட்டுக்கூட இல்லை. மூக்கு பல்சக்கரத்தை விட்டு உள்பக்கம் திரும்பி, நேராக டயரைப் பார்த்துக்கொண்டு, அசைக்க முடியாத இறுக்கத்தில் நின்றது. இத்தனை சுத்தமாக இத்தனை தப்பான வேலையை அவள் ஃபேக்டரியிலும் கண்டதில்லை.

அவர் அதற்குள் குப்பியின் திருகை முழுசாகத் திறந்து எஞ்சினைக் கிளப்பிவிட்டார். எண்ணெய் குழாய் வழியாக மெதுவாக நகர்ந்து வருவது தெரிந்தது. மூக்கின் நுனியில் திரண்டது. டயரின் ஓரத்தில் விழுந்து வளைவோடு வழிந்தது. அடுத்தது திரண்டது.

"விழுதா?" என்று கேட்டார், அவள் காதைப் பார்த்து.

"விழுது" என்றாள். எங்கே விழுகிறது என்று சொல்ல நாக்கு எழவில்லை.

எஞ்சினை நிறுத்தினார். கையைத் துடைத்துக்கொண்டார். முகத்தில் வேலை முடித்த திருப்தி இருந்தது. ஒரு குறையை இரண்டு தடவை பார்க்காமல் அம்பு ஒட்டக் கூடாது. அவள் விரலில் இருந்த அம்பை உரித்தாள். என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல், யோசித்தால் கை வராது என்று தெரிந்து, அதைத் தன் மூக்கு நுனியில் ஒட்டிக்கொண்டாள்.

"என்னை நேராப் பாருங்க."

"என்ன விளையாட்டு இது?"

"காதை இல்ல. மூஞ்சியைப் பாருங்க."

அவர் பார்த்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு நேராகப் பார்த்தார். அவர் கண் அவள் மூக்கின் மேலேயே வந்து நின்றது, அங்கிருந்து நகரவும் இல்லை. அரைமூச்சுக்குச் சிரித்தார்.

"என்ன புதுசா? எப்பவும் போலத்தான் இருக்கே."

அப்போது மகள் மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தாள். மருந்துக்கடையில் வேலை, லீவு நாளிலும் ஷிஃப்ட் உண்டு. தினமும் அப்பா வண்டியில்தான் போவாள். பஸ் கூட்டத்தில் இடிபடாமல் போகிறாள், பெற்ற தகப்பன் பின்னால் உட்கார்ந்து போகிறாள் என்பது தாய்க்கு ஒரு பெரிய நிம்மதி. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே வந்தவள் அம்மாவைப் பார்த்ததும் கடைசிப் படியிலேயே நின்று வாய்விட்டுச் சிரித்தாள்.

"அம்மா, மூக்குல என்ன அம்பு? உன் மூக்கை யார் ரிப்பேர் பண்றது?"

செயின் அண்ணனின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. சிரிப்பு இறங்கிய முகத்தோடு, அவசர அவசரமாகச் சட்டைப்பையைத் தடவிச் சாவியை எடுத்தார். நேரமாகிவிட்டது, கிளம்பலாம் என்று மகளிடம் சொன்னார். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டிலிருந்து தள்ளப் போனார். மனைவி எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வண்டி போகாது."

"எல்லாம் சரியா இருக்கு. நீ எதையாவது..."

"அம்பு சக்கரத்துல ஒட்டவே இல்லீங்க. என் விரலோடயே வந்துடுச்சு. அது இப்ப என் மூக்கு மேல இருக்கு. நீங்க செக்கச்செவேல்னு பாத்தது எதை?"

அவள் பிடித்த கையை அவர் உதறவில்லை. பின்பக்கமாகக் காலால் துழாவி, படி தட்டுப்பட்டதும் அதில் உட்கார்ந்தார். காலால் துழாவியதை அவள் பார்த்தாள். இதற்கு முன் எத்தனை தடவை பார்த்திருப்பாள், முழங்கால் வலி என்று நினைத்திருந்தாள்.

மகளுக்கு இன்னும் பாதிச் சிரிப்பு முகத்தில் இருந்தது. அம்மா கையைக் காட்டிய இடத்தில் குனிந்து டயரைத் தொட்டாள், விரலைத் தேய்த்துப் பார்த்தாள், எண்ணெய். ஹெல்மெட்டைக் கழற்றினாள். அவளுக்கு ஒன்றும் புரியாமல் இருந்து, பிறகு ஒரேயடியாகப் புரிந்தது. அவள் கேட்டது தாயைப் பார்த்து இல்லை, அப்பாவைப் பார்த்துதான்.

"அப்ப அந்த சிக்னல் விளையாட்டு?"

என்ன சிக்னல் விளையாட்டு என்று தாய் கேட்டாள். மகள் சொன்னாள். வண்டியில் போகும்போது அப்பா எப்போதும் ஒரு விளையாட்டு வைப்பாராம். சிக்னலில் என்ன விளக்கு என்று யார் முதலில் சொல்வது, எதிரே வருகிற பஸ்ஸின் நம்பரை யார் முதலில் படிப்பது. எப்போதும் மகள்தான் ஜெயிப்பாளாம். ஒரு தடவைகூட அப்பா ஜெயித்ததில்லையாம். தன்னைச் சந்தோஷப்படுத்தத்தான் தோற்கிறார் என்று நினைத்தாளாம்.

தாய்க்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் அந்த வண்டியைச் சாலையில் பார்த்து ஓட்டியது பின்னால் உட்கார்ந்திருந்த இந்தப் பெண்தான். அதுவும் தெரியாமல், விளையாடிக்கொண்டே. ஒரு நாள் அவள் கொட்டாவி விட்டிருந்தால், ஃபோனைப் பார்த்திருந்தால்? தினமும் காலையில் தன் கையாலேயே சாப்பாட்டு டப்பாவைக் கட்டிக் கொடுத்து, வாசல் வரை வந்து, பத்திரம் என்று சொல்லி அனுப்பியது அவள்தான். சட்டையில் ஒரு தையல் விட்டால் கண்டுபிடிக்கிறவள், பக்கத்தில் படுக்கிற மனுஷனின் கண் போனதைக் கண்டுபிடிக்கவில்லை. மூக்கில் அம்பு இருப்பதுகூட அவளுக்கு மறந்துவிட்டது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதையைச் செயின் அண்ணன் படியில் உட்கார்ந்தபடியே சொன்னார். முதலில் ஒரு கண்ணில் நடுவில் ஒரு கறை மாதிரி வந்தது. தூசி என்று நினைத்துத் தண்ணீர் அடித்துக் கழுவினார். அப்புறம் இன்னொரு கண்ணிலும் வந்தது. யாருக்கும் சொல்லாமல் கண் டாக்டரிடம் போனார். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்ற ஊசி போடலாம், வீட்டில் யாரையாவது கூட்டிக்கொண்டு வா, வண்டியை மட்டும் தொடாதே என்று டாக்டர் சொன்னார். இவர் சரி என்று தலையாட்டிவிட்டு அந்த ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே வண்டியில்தான் வீட்டுக்கு வந்தார். ஊசிக்குப் போகவில்லை. போனால் வீட்டுக்குத் தெரியும், வீட்டுக்குத் தெரிந்தால் வண்டி போகும், வண்டி போனால் செயின் அண்ணன் என்று யாரைக் கூப்பிடுவார்கள்?

"சுத்தி இருக்கறதெல்லாம் தெரியுது. ஓரத்துல சுவரு, மரம், லாரி எல்லாம் தெரியுது. எதைப் பாக்கணும்னு கண்ணை வைக்கறேனோ, அது மட்டும் இல்ல" என்றார்.

அப்படியென்றால் இந்தக் கருவி எதற்கு? அதையும் மனைவி கேட்டாள். அதற்கு அவர் சொன்ன பதில்தான் அவளை எல்லாவற்றையும் விட அதிகமாக உலுக்கியது. கண்ணி கண்ணியாகச் சொட்டு வைக்க முடியாமல், கையால் குத்துமதிப்பாக எண்ணெய் ஊற்றிப் பார்த்தாராம். பாதி டயரில் விழுந்திருக்கிறது. ஒரு திருப்பத்தில் வண்டி வழுக்கித் தரையோடு தேய்ந்தது. முழங்கைச் சிராய்ப்பைக் கடை அலமாரியில் இடித்துக்கொண்டேன் என்று சொன்னாரே, அது இதுதான். நல்லவேளையாக அன்றைக்குப் பின்சீட்டில் யாரும் இல்லை. அதற்கு அடுத்த வாரம் ஒரு ஒர்க் ஷாப்பில் வழக்கம் போலக் கைக்குட்டையை எடுக்கச் சொன்னார்கள். இழுத்தார், கரியாக வந்தது. ஆனைக்கும் அடி சறுக்கும் அண்ணே என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாவது தடவை கைக்குட்டை கறுப்பாக வந்தால் சிரிக்க மாட்டார்கள், கேட்பார்கள் என்று இவருக்குப் பயம் வந்துவிட்டது. விழுந்து எழுந்தவருக்குக் கண்ணைப் பற்றிப் பயமில்லை, செயினைப் பற்றித்தான் பயம். கண்ணைப் பற்றி யாருக்கும் தெரியாது, செயின் காட்டிக்கொடுத்துவிடும். அதற்காகத்தான் தானாக எண்ணெய் விடுகிற கருவி.

"பொண்ணு பின்னாடி உக்காந்திருக்கும்போது விழுந்திருந்தா?" என்றாள் அவள். "நாலு பேர் கைக்குட்டையைப் பாப்பாங்கன்னு பயந்தீங்களே, இவளைப் பத்தி நெனச்சீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மகள் படியில் அவருக்குப் பக்கத்தில் போய் உட்காரவும் இல்லை, விலகிப் போகவும் இல்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சற்று நேரம் கழித்து, பஸ்ஸில் போகிறேன் என்று சொல்லிவிட்டு, தெருத் திருப்பம் வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

இரண்டு பேரும் வண்டியும் மட்டும் மிஞ்சினார்கள். டயரில் வழிந்த எண்ணெய் சாக்கில் ஒரு வட்டமாக ஊறியிருந்தது. ஒர்க் ஷாப் ஆட்களுக்குத் தெரியக் கூடாது, சரி. மகளுக்குத் தெரியக் கூடாது, அதுவும் சரி. தன்னிடம் சொல்லியிருக்கலாமே என்ற ஒன்று மட்டும் அவள் நெஞ்சில் முள்ளாக நின்றது. முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல்தானே இத்தனை மாதம் காதோடு பேசினார்?

"குத்தம் பண்ணின மாதிரி என் மூஞ்சியைப் பாக்காமலேயே இருந்தீங்க. காதைக் காதைப் பாத்தீங்க. நான் என்னென்னமோ நெனச்சேன். ஒரு நாள் நேராப் பாத்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன?"

அவர் நிமிர்ந்தார். எப்போதும் போல அவள் காதுக்குத்தான் முகம் போனது.

"நேராப் பாத்தா நீ இருக்க மாட்டே. மூஞ்சி இருக்கற எடத்துல ஒரு அழுக்குதான் இருக்கும். காதைப் பாத்தாத்தான் ஓரத்துல உன் மூஞ்சி கொஞ்சம் தெரியும். நீ இப்பல்லாம் உடனே திரும்பிக்கறே."

தோடு மாற்றியது அவளுக்கு ஞாபகம் வந்தது. உனக்கு மட்டும்தான் திருப்பத் தெரியுமா என்று ஒவ்வொரு தடவையும் வெடுக்கென்று திரும்பியது ஞாபகம் வந்தது. அந்த ஓரத்தையும் அவள்தான் பிடுங்கிக்கொண்டிருந்திருக்கிறாள், நாள் தவறாமல். அழுகை வந்தது, துடைக்கக் கையைக் கொண்டுபோனபோது மூக்கில் அம்பு தட்டுப்பட்டது.

அதை உரித்தாள். பசை பாதி போயிருந்தது, இருந்தாலும் பிடிக்கும். அவர் கையில் இருந்த சாவியை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு, வண்டியில் சாவி போடுகிற ஓட்டையின் மேல் அம்பை வைத்து அழுத்தி ஒட்டினாள். பிறகு அவர் கையைப் பிடித்து இழுத்து, அவர் விரலை அதன் மேல் வைத்தாள். அது என்ன என்று சொல்லவில்லை. நாளைக்குக் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், ஃபேக்டரிக்கு லீவு சொல்லிவிடுகிறேன், ஊசிக்கு எந்தக் கதவு என்று நீங்கள் காட்ட வேண்டாம், நான் கேட்டுக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

அவர் விரல் அம்பின் ஓரத்தைத் தடவிக்கொண்டே வந்தது. கூர் எந்தப் பக்கம் என்று பார்த்தது. பழக்கதோஷத்தில் நகம் ஒரு மூலையைத் தூக்கியும்விட்டது. இத்தனை வருஷமும் உரித்துக் கதவில் ஒட்டிய கை அல்லவா. பிறகு நகம் நின்றது. தூக்கிய மூலையை அவரே கட்டைவிரலால் அழுத்தி மறுபடி ஒட்டினார்.

ஒட்டிவிட்டு அவள் பக்கம் திரும்பினார், காதைப் பார்த்து. அவள் முகத்தைத் திருப்பவில்லை. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. அவர் பார்த்து முடிக்கும் வரைக்கும் அசையாமல் நின்றாள்.